தேறினாலும் தேறாவிட்டாலும்

திண்டுக்கல் நாகல் நகரில் இருந்த முதியோர் பகல்நேர நல மையத்தை யாரும் மூடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அதிகாரிகள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறாராக இருந்தார்கள். மூடுவது வேறு, நிறைவு செய்வது வேறு என்று அவர்கள் பொறுமையாகத் திரும்பத் திரும்ப விளக்கினார்கள். சத்யபிரியாவுக்குத்தான் கடைசி வரைக்கும் அந்த வித்தியாசம் பிடிபடவில்லை.

சத்யபிரியா வடமதுரை ரோட்டில் ஒரு நூற்பாலையில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் மில் வேன் தெருமுனைக்கு வந்து இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். மூன்றாவது தடவை அடிக்காது, போய்விடும். அதற்குள் அப்பா பெரியகருப்பனைக் குளிப்பாட்டி, இட்லி கொடுத்து, மாத்திரை போட வைத்து, மையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் ஓடிவர வேண்டும். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

பெரியகருப்பன் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. அதோடு மண்டைக்குள் எதுவோ இடம் மாறிக்கொண்டது. சில நாள் அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். சில நாள் பஸ் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். எல்லாம் ஞாபகம் இருக்கிற நாளில் மகளை "பிரியா" என்று கூப்பிடுவார். பஸ் மட்டும் ஞாபகம் இருக்கிற நாளில் "தாயி" என்பார். பஸ்ஸில் ஏறுகிற எந்தப் பொம்பளையையும் அவர் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

மையத்தில் இடம் கிடைப்பதற்கு முன்னால் ஒரு நாள் அவர் வீட்டிலிருந்து கிளம்பி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பழனி பஸ்ஸில் ஏறி, எல்லாரிடமும் டிக்கெட் கேட்டிருக்கிறார். ஆயக்குடியில் இறக்கிவிட்டுவிட்டார்கள். மறுநாள் சத்யபிரியா வீட்டை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து திறந்தால் கதவின் உள்பக்கம் ரத்தம் அப்பியிருந்தது. அப்பா விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டாப் வந்துருச்சுன்னு அம்புட்டுத் தட்டுனேன் தாயி. டிரைவருக்குக் காது கேக்கல" என்றார்.

அந்தப் பூட்டை அவள் பரணில் தூக்கிப் போட்டாள். இனி செத்தாலும் அப்பாவை வைத்துப் பூட்டுவதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். அதற்கப்புறம்தான் மையம் கிடைத்தது.

மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நீள ஹால், பத்துப் பதினைந்து கட்டில், ஒரு கேரம் போர்டு, சுகன்யா என்ற நர்ஸ். காலையில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், கைகாலுக்குப் பயிற்சி கொடுப்பார்கள், மதியம் சோறு போடுவார்கள், சாயங்காலம் வரை பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். ஆறு மாதத்தில் பெரியகருப்பன் தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டார். மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில்தான் போட்டார் என்றாலும், சத்யபிரியா அதைப் பார்த்து அழுதுவிட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மறுசீரமைப்பு அலுவலர் அசோக்குமார் வந்தார். பழனிப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். முதியவர்களை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு ரோஜாப்பூ கொடுத்துவிட்டுப் பேசினார்.

"நிதியைக் குறைக்கிறோம்னு வெளியில யாரோ புரளி கிளப்பறாங்க. நம்பாதீங்க. சர்க்கரை வந்தவங்களுக்கு டாக்டர் என்னங்க சொல்றாரு? எடையைக் குறைங்கன்னு சொல்றாரு. அதே வைத்தியத்தைத்தான் மையத்துக்கும் பண்றோம். மையம் இளைக்க இளைக்க ஆரோக்கியம் கூடுமுங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். பெரியகருப்பன் ஒரு கையால் தொடையில் தட்டினார்.

முதலில் ஆட்டோ இளைத்தது. நடக்க முடியாதவர்களை வீட்டிலிருந்து கூட்டிவரத்தான் அந்த ஆட்டோ இருந்தது. நடக்காததால்தான் நடக்க முடியவில்லை என்று ஆய்வில் தெரியவந்ததால் அதை நிறுத்தினார்கள். அடுத்து மதியச் சாப்பாட்டில் வெஞ்சனம் நின்றது. டெய்லராக இருந்த மரியசெல்வம், "தொட்டுக்க ஒண்ணுமில்லாம வெறுஞ்சோறு எப்படிய்யா எறங்கும்?" என்று கேட்டார். "நாக்கு ருசி குறைஞ்சா ஆயுசு கூடுமுங்க ஐயா" என்று அசோக்குமார் சொன்னார். ஆயுசு கூடினால் சோற்றுச் செலவு கூடுமே என்று மரியசெல்வம் கேட்க நினைத்தார். அதற்குள் அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார்.

பிறகு சுகன்யாவை ஐந்து மையங்களுக்குப் பொதுவாக்கினார்கள். திங்கட்கிழமை மட்டும் இங்கே வருவாள். மற்ற நாளுக்கு அவளுடைய ஆளுயரப் படம் ஒன்றை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். படத்தில் அவள் சிரித்தபடி இரண்டு கையையும் மேலே தூக்கி நிற்பாள். அதைப் பார்த்து முதியவர்கள் பயிற்சி செய்ய வேண்டும். படத்தில் இருந்தவள் கையை இறக்கவே இல்லை. அதனால் எப்போது இறக்குவது என்று தெரியாமல் சிலர் மதியச் சோறு வரும்வரை கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார்கள்.

சத்யபிரியா ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி பண்ணிக்கொண்டாள். வெஞ்சனத்தை டப்பாவில் கொடுத்தனுப்பினாள். ஆட்டோ இல்லாததற்கு, பக்கத்து வீட்டு பாஸிலாவின் ஸ்கூட்டியைக் கடன் வாங்கினாள். சாயங்காலம் வரை அப்பா இருக்க ஒரு இடம் இருந்தால் போதும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அப்புறம்தான் தேர்வு அறிவித்தார்கள்.

மையத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் மறுமதிப்பீட்டுத் தேர்வு எழுத வேண்டும். எழுத முடியாதவர்கள் வாயால் சொல்லலாம். தேறியவர், தேறாதவர் என்று பிரித்து, அதன்படி நடவடிக்கை எடுக்கப்படும்.

அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுச் சத்யபிரியா நேராக மில்லுக்குப் போய்ப் பக்கத்து மிஷினில் நிற்கும் சௌந்தர்யாவிடம் சொன்னாள். சௌந்தர்யாவின் மகன் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

"பரீட்சைன்னா தேறணும்க்கா. தேறுனாத்தான எடம் குடுப்பாய்ங்க? தேறலைன்னா வெளிய தள்ளிருவாய்ங்க. ஒழுங்கா ஒக்கார வச்சுச் சொல்லிக்குடு" என்றாள் சௌந்தர்யா.

அது நியாயமாகத்தான் பட்டது. சத்யபிரியா பரீட்சை என்ற ஒன்றைப் பற்றி அதுவரை அறிந்திருந்ததும் அதுதான்.

தினமும் காலையில் இட்லியோடு பாடமும் நடந்தது.

"இன்னைக்கு என்ன கெழமப்பா?"

"ஞாயித்துக்கெழம இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"ஞாயித்துக்கெழமைன்னா கூட்டம் நெறிச்சுத் தள்ளுமே. ஒன்னையத் தவுர வேற ஆளக் காணோம்."

"புதன்கெழமப்பா. புதன். சொல்லு."

"புதன்" என்பார். சரியாகச் சொன்னால் அவள் "தேறிட்டப்பா!" என்று முதுகில் தட்டி, ஒரு பிஸ்கட்டைச் சாயாவில் நனைத்துக் கொடுப்பாள். அவருக்குப் பெருமை தாங்காது. பிஸ்கட்டை மென்றுகொண்டே, "தேறிட்டேனா?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொள்வார்.

தேர்வு நாளன்று மையத்தின் வாசலில் போலீஸ்காரர் ஒருவர் நின்றார். ஒவ்வொரு முதியவரின் கழுத்திலும் நுழைவுச்சீட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். பிட் இருக்கிறதா என்று வேட்டி மடிப்பைத் தடவிப் பார்த்தார்கள். மரியசெல்வத்தின் காதில் மாட்டியிருந்த கருவியை மின்னணுச் சாதனம் என்று கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊன்றுகோல்களை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். உள்ளே வந்த பிறகு, "நடந்து காட்டுங்க" என்றார்கள்.

மரியசெல்வத்திடம் கேட்ட பத்துக் கேள்விக்கும் அவர் "ஆங்?" என்றார். பத்தும் தவறு.

பெரியகருப்பனின் முறை வந்தது. கொஞ்சம் தள்ளி நிற்க அனுமதிக்கப்பட்ட சத்யபிரியா, அன்றைக்கு அவருடைய கண்ணைப் பார்த்ததுமே பயந்துவிட்டாள். அது பஸ் மட்டும் ஞாபகம் இருக்கிற நாள்.

"ஏனுங்க ஐயா, நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுதுங்களா?" என்று அசோக்குமார் ஆரம்பித்தார்.

"எங்க போகணும்?"

"நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க."

"அட, எங்கப்பு போகணும்? சொன்னாத்தான சீட்டுக் கிழிக்க முடியும்?"

சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போகிறவர் அசோக்குமார். அன்று சனிக்கிழமை. "பழனிங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். பெரியகருப்பன் எழுந்து நின்றார். ஊன்றுகோல் இல்லாமல் நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி என்று குரல் கொடுத்தார். "முன்னாடி ஏறு, முன்னாடி ஏறு, படியில நிக்காத" என்று போலீஸ்காரரைத் தள்ளி உட்கார வைத்தார். அதிகாரி ஒரு ஐம்பது ரூபாயை நீட்டிப் பார்த்தார். பெரியகருப்பன் இல்லாத பையில் கையை விட்டு, டிக்கெட் போக மீதி எவ்வளவு என்று சரியாகச் சொன்னார்.

"ஆஹா!" என்றார் அசோக்குமார். "நடை இருக்குது. கணக்கு இருக்குது. ஊர் ஞாபகம் இருக்குது. ஒழுங்கு இருக்குது."

சத்யபிரியா கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுவாரம் விழா. தேறியவர்களுக்குச் சால்வை போர்த்திச் சான்றிதழ் கொடுத்தார்கள். மாலைப் பத்திரிகை நிருபர் அந்தோணிராஜ் போட்டோ எடுத்தார். பெரியகருப்பன் சால்வையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டார். அது எல்லாம் ஞாபகம் இருக்கிற நாள். "பிரியா, நான் தேறிட்டேன்" என்றார்.

மறுநாள் காலையில் மையத்துக்குப் போனால் வாசலில் இருந்த காவலாளி உள்ளே விடவில்லை.

"தேறுனவுங்கல்லாம் வீட்டுக்குத்தான்மா. ஒங்கய்யாதான் நல்லாத் தேறிட்டாரே, பெறகு இங்க என்ன சோலி?"

சத்யபிரியாவுக்குக் கொஞ்ச நேரம் அது மண்டையில் ஏறவில்லை. பிறகு ஏறியது. பள்ளிக்கூடத்தில் தேறுவது என்றால் ஒன்று. ஆஸ்பத்திரியில் தேறுவது என்றால் வேறொன்று. ஒரே சொல்தான். அவள் அதை எந்த வாசலில் வைத்துப் படித்தாள் என்பதுதான் தப்பு. தெருமுனையில் வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

உள்ளிருந்து சுகன்யா ஓடிவந்தாள். அன்று திங்கட்கிழமை.

"எனக்கும் நேத்துத்தான்க்கா தெரியும். மேல்முறையீடு போடுங்க. மறுதேர்வு வைப்பாங்க. தேறாதவுங்க எல்லாம் உள்ளதான் இருக்காங்க, மரியசெல்வம் தாத்தாகூட இருக்காரு. இந்தத் தடவ ஒண்ணும் சொல்லிக்குடுக்காதீங்க, போதும்."

மறுதேர்வுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பாஸிலா பாதி நாள் பார்த்துக்கொண்டாள், சத்யபிரியா மீதி நாள் லீவு போட்டாள். இனி ஒரு நாள் வராவிட்டாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். சொல்லிக்கொடுக்காமல் விடத்தான் அவளும் நினைத்தாள். ஆனால் தேர்வன்று அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிற நாளாக அமைந்துவிட்டால்? அல்லது மறுபடியும் பஸ் ஞாபகம் வந்துவிட்டால்? இரண்டுமே முழு மதிப்பெண். அந்தப் பயத்தில் ஒரு நாள் காலை இட்லித் தட்டோடு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் யாரு?"

"பிரியா."

"இல்லப்பா. தெரியாதுன்னு சொல்லணும்."

"எது தெரியாது?"

"என்னையத் தெரியாதுன்னு சொல்லணும். ஆபீசர் கேப்பாரு, இது யாருன்னு. நீ தெரியாதுங்கணும்."

அவர் இட்லியைக் கீழே வைத்தார். "ஏன், நீ எம் மக இல்லையா?"

"மகதான்ப்பா. ஆனா சொல்லக்கூடாது."

"என்ன தப்புப் பண்ணுன நீ? சொல்லு, நான் வந்து பேசுறேன்."

அன்றைக்கு அவளால் பாடத்தை நடத்த முடியவில்லை. மறுநாள் நடத்தினாள். அதற்கு மறுநாளும் நடத்தினாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்ப்பார். பிறகு சாயாவையும் பிஸ்கட்டையும் பார்ப்பார். பிறகு மெதுவாக, "தெரியாது" என்பார். "தேறிட்டப்பா" என்று அவள் தட்டிக்கொடுப்பாள். கடைசி வாரத்தில் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

மறுதேர்வில் அசோக்குமார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இவங்க யாருங்க ஐயா?"

பெரியகருப்பன் மகளைப் பார்த்தார். "தெரியாது" என்றார். பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். பிஸ்கட்டுக்காக.

சத்யபிரியா ஜெயித்துவிட்டாள்.

அதிகாரி உண்மையிலேயே வருத்தப்பட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"பெத்த பொண்ணையே தெரியலைங்களே. மனசைத் தேத்திக்கோங்க அம்மா. இது தேறாத கேஸுங்க."

"ஆமாங்க சார். அதான், உள்ள விட்டீங்கன்னா..."

"எதுக்குங்க? தேறாதுன்னு நாங்களே எழுதிட்டு, அதுக்கே அரசாங்கக் காசைச் செலவு பண்ணா தணிக்கையில எங்களைக் கேக்கமாட்டாங்களா? நேத்தே எல்லாத்தையும் நிறைவு பண்ணி அனுப்பியாச்சுங்க. மரியசெல்வம் ஐயாவையும் சேர்த்துத்தான்."

"தேறுனவுங்களும் வீட்டுக்கு, தேறாதவுங்களும் வீட்டுக்குன்னா, மையம் யாருக்கு சார்?"

அசோக்குமாருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. முகம் மலர்ந்தார்.

"நல்லா கேட்டீங்க. தேறுனவங்களுக்கு மையம் தேவையில்லீங்க. தேறாதவங்களுக்கு மையத்தால பிரயோஜனம் இல்லீங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல யாராச்சும் இருந்தா தாராளமாக் கூட்டிட்டு வாங்க, நானே கையெழுத்துப் போடறேன். ஒரு மாசமாத் தேடறோம், ஒருத்தர்கூடக் கிடைக்கலீங்க. ஆளே வராத கட்டிடத்துக்கு எப்படிங்க வாடகை கட்டறது? நீங்களே சொல்லுங்க."

"அப்பாவுக்கு நல்லாத்தான் வந்துச்சு சார். சட்டைக்குப் பொத்தான் போட்டாரு. தேறிக்கிட்டு இருந்தாரு."

"தேறிக்கிட்டு இருக்கறதுன்னு ஒரு நிலை எங்ககிட்ட இல்லீங்களே" என்றார் அவர், ரொம்பக் கனிவாக.

ஆனால் அரசு யாரையும் அப்படியே விட்டுவிடவில்லை. அடுத்த வாரமே 'வீடே மையம்' திட்டம் வந்தது. ஒவ்வொருவர் வீட்டையும் பகல்நேர நல மையத்தின் இல்லக் கிளையாக அறிவித்தார்கள். ஜீப் தெருவுக்குள் வந்தது. நீலப் பலகை ஒன்றைச் சத்யபிரியாவின் கதவுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார்கள். சுவரில் ஒட்ட சுகன்யாவின் சின்னப் படம் ஒன்று கொடுத்தார்கள். கடைசியாகச் சிவப்பு ரிப்பன் சுற்றிய ஒரு பெட்டியை அசோக்குமார் அவள் கையில் வைத்தார்.

"நம்ம கிளைக்கு ஒரு பாதுகாப்பு வேணுமில்லீங்களா? நாடெல்லாம் பேர் வாங்கின பொருள், உங்க ஊர்லயே செஞ்சது. கள்ளச்சாவி போட்டாலும் திறக்காதுங்க."

பெட்டிக்குள் ஒரு திண்டுக்கல் பூட்டு இருந்தது. உள்ளங்கையை அமுக்குகிற கனம்.

அந்தோணிராஜ் போட்டோ எடுத்தார். பிறகு, "உங்களுக்கு எப்படிக்கா இருக்கு? உள்ளதச் சொல்லுங்க, எழுதுறேன்" என்றார். சத்யபிரியா உள்ளதைச் சொன்னாள். பரணில் கிடக்கும் பூட்டிலிருந்து ஆரம்பித்து, பிஸ்கட் வரைக்கும், அழாமல் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதை அனுப்பவும் செய்தார். மறுநாள் பத்திரிகையில், 'மையமே வீடு தேடி வந்தது: முதியோர் மகிழ்ச்சி' என்று போட்டு, 'இதை வார்த்தையால் சொல்ல முடியவில்லை என்றார் பயனாளியின் மகள்' என்று முடித்திருந்தார்கள். படத்தில் பூட்டு நன்றாகத் தெரிந்தது.

பாஸிலா அந்த வாரம் பேகம்பூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். இனி ஒரு நாள் போகாவிட்டாலும் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

காலையில் சத்யபிரியா அப்பாவைக் குளிப்பாட்டினாள். இட்லி கொடுத்தாள். மதியச் சோற்றையும் வெஞ்சனத்தையும் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி மூடி வைத்தாள். தண்ணீர் வைத்தாள். கதவின் உள்பக்கத்தில், கை படுகிற உயரத்தில், பழைய தலையணை ஒன்றை ஆணி அடித்துக் கட்டினாள். எவ்வளவு தட்டினாலும் முட்டி உரியாது. சட்டைக்கு அவரே பொத்தான் போடட்டும் என்று விட்டாள். அவர் போடவில்லை, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தெருமுனையில் முதல் ஹாரன் கேட்டது.

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பிறகு மனசு கேட்காமல் ஒருபாதியைத் திறந்து தலையை உள்ளே நீட்டினாள்.

"அப்பா. இங்க ஆபீசர் யாரும் இல்ல. நீ உள்ளதச் சொல்லலாம். நான் யாரு?"

பெரியகருப்பன் தூக்கிய கையை இறக்கினார். அவளைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஞாபகம் வந்துவிட்டது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"தெரியாது" என்றார். "தேறிட்டேனா தாயி?"

இரண்டாவது ஹாரன் கேட்டது.

"தேறிட்டப்பா" என்றாள். பூட்டு புதிதல்லவா, எண்ணெய் மணத்தது. சாவியைத் திருப்பியதும் சத்தமே இல்லாமல் பூட்டிக்கொண்டது.